எந்த அட்டவணையைப் பார்த்து எழுதினீர்கள்?

நெல்லைச் சீமையில் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி, அளந்து, அட்டையில் எழுதித் தரும் எல்லோருக்கும் வணக்கம். நடமாடும் மருத்துவக் குழுவின் டாக்டர்கள், செவிலியர்கள், தலைமை ஆசிரியர்கள், தனியார் பள்ளி நிர்வாகிகள், எல்லோரையும்தான் சொல்கிறேன். முக்கியமாக, என் கூட்டாளிகளான பி.இ.டி. என்கிற உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களுக்கு.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துப் பள்ளிகளில் 31 வருஷம் விசில் ஊதியவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இந்த மடலை எழுத வைத்தது என் பேரன் கொண்டுவந்த இரண்டு அட்டைகள்.

மகள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பேரன் அங்கே ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறான். நாலாம் வகுப்புக்குப் போன ஜூலை மாதம் முதல் அட்டை வந்தது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. உயரம் 130 செ.மீ., எடை 27 கிலோ, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற எண்ணான பி.எம்.ஐ. 16. அதற்கு எதிரே சிவப்பு மையில் 'அண்டர்வெயிட்'. மகள் அன்று ராத்திரி போனில் அழாத குறை. "பிள்ளைக்குச் சோறு போடாமலாப்பா வளர்க்கேன்?" என்று கேட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது சாப்பாட்டு வேட்டை. காலையில் பாலில் டப்பா மாவு, இட்லிக்கு நெய், பள்ளி விட்டு வந்ததும் ஏத்தன்பழம், ராத்திரி வாரத்துக்கு மூன்று நாள் முட்டைப் புரோட்டா. சாயங்காலம் கிரிக்கெட் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவனை நிறுத்திவிட்டார்கள். ஓடினால் இளைத்துப் போவானாம். பதினாலு மாதம் கழித்து, அஞ்சாம் வகுப்பில், இரண்டாவது அட்டை. உயரம் 136, எடை 36, பி.எம்.ஐ. 19.5. பச்சை மையில் 'நார்மல்'. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்தப் பாயசத்தைக் கெடுத்தவன் நான்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 18.5-க்குக் கீழே அண்டர்வெயிட், 18.5 முதல் 24.9 வரை நார்மல், 25-க்கு மேலே ஓவர்வெயிட், 30-க்கு மேலே ஒபீஸ். அது பெரியவர்களுக்கான அட்டவணை. எனக்கும் என் மருமகனுக்கும் பார்க்க வேண்டியதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பார்த்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு 2007இல் ஒரு அட்டவணை வெளியிட்டது. அதில் ஒன்பது வயதுப் பையனின் நடு அளவே 16தான். ஒல்லி என்று சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 13.5-க்குக் கீழே போயிருக்க வேண்டும். அதாவது என் பேரன் முதல் அட்டையின்போது வரிசையின் நட்ட நடுவில் நின்றவன். அதே அட்டவணையில் பத்து வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினால் எடை கூடுதல், 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். அந்த 18.5-ஐக் கவனித்தீர்களா? பெரியவர்களுக்கு எது தரையோ, அதுவே பத்து வயதுப் பையனுக்குக் கூரை. பிள்ளை கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போன பிறகுதான் பச்சை மையில் நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு பள்ளியோடு நிற்கிற கதையும் இல்லை இது. செல்போனில் 'பி.எம்.ஐ. கால்குலேட்டர்' என்று தேடி, முதலில் வருவதில் எண்ணைப் போட்டு எழுதுகிற எல்லா இடத்திலும் இதுதான் நடக்கும்.

பி.எம்.ஐ.யையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற கணித அறிஞர், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியபோது கண்டுபிடித்த விகிதம். 1972இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். இரண்டு பேருமே நாலாம் வகுப்புப் பிள்ளையை மனதில் வைத்துச் செய்யவில்லை. பிள்ளையின் உடம்பு வருஷா வருஷம் விகிதம் மாறுவது. கைக்குழந்தையில் கொழுகொழுவென்று இருப்பான், ஐந்தாறு வயதில் விலா எலும்பு தெரியும், பிறகு மறுபடி சதை போடும். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஏற்றம் வேறு மாதிரி. அதனால் பிள்ளைக்கு பி.எம்.ஐ. பார்த்தால் கூடவே வயதும், ஆணா பெண்ணா என்பதும் வேண்டும். அந்த இரண்டும் இல்லாத பி.எம்.ஐ. அட்டை வெறும் காகிதம்.

சரி, பிள்ளைகளுக்கான அட்டவணையை எடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேயும் நாலு கடை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை பெரும்பாலும் பழைய அமெரிக்கப் பிள்ளைகளின் கணக்கிலிருந்து திருப்பி வார்த்தது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் அட்டவணை 2000இல் வந்தது. அது வரிசைக் கணக்கு. ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை ஒல்லியிலிருந்து குண்டு வரை நிறுத்தினால் 85-வது ஆளில் எடை கூடுதல் தொடங்கும், 95-வது ஆளில் பருமன். நமக்குப் பழக்கமான வேலைதான், அசெம்பிளியில் உயர வாரியாக நிறுத்துகிற மாதிரி. மூன்றாவது, ஐ.ஓ.டி.எஃப். என்ற பன்னாட்டுக் குழு, 2000இல் ஆறு நாட்டுப் பிள்ளைகளின் அளவுகளைச் சேர்த்துப் போட்டது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா. பதினெட்டு வயதில் 25-ஐயும் 30-ஐயும் தொடுகிற கோட்டைப் பின்னோக்கி இழுத்து ஒவ்வொரு வயதுக்கும் எல்லை வகுத்தார்கள். இந்தியாவில் அளந்த பிள்ளை ஒருவர்கூட அதில் இல்லை.

நாலாவது நம்முடையது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம், ஐ.ஏ.பி., 2015இல் வெளியிட்டது. கோடு இழுக்கிற முறை மூன்றாவதைப் போலத்தான். ஆனால் தொடுகிற எண் 25, 30 இல்லை, 23, 27. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால் வேலியைக் கொஞ்சம் உள்ளே நட்டிருக்கிறார்கள்.

இப்போது என் பேரனின் 19.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 18.5, ஆகவே எடை கூடுதல். ஐ.ஓ.டி.எஃப். எல்லை பத்து வயதுப் பையனுக்கு 19.8, ஆகவே நார்மல். ஒரே பிள்ளை, ஒரே நாள், ஒரே மிஷின். ஒரு மாவட்டத்தில் பருமனான பிள்ளைகள் இத்தனை சதவீதம் என்று செய்தி வரும்போது, எந்த அட்டவணை என்று போடாமல் சதவீதம் மட்டும் போட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் வேறொன்று என்று மாற்றிப் பார்த்தால், பிள்ளைகள் அப்படியே இருக்கும்போதே ஊர் பெருத்தும் போகும், இளைத்தும் போகும்.

இன்னொரு வேடிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலேயே ஐந்து வயதுக்குக் கீழே ஒரு எல்லை, மேலே ஒரு எல்லை. கீழே இருக்கும்போது 'கவனிக்க வேண்டியவன்' என்று மட்டும் பேர் வாங்கிய யு.கே.ஜி. பிள்ளை, ஐந்தாம் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய மறுநாள் 'எடை கூடுதல்' ஆகிவிடலாம். கேக்கின் மேல் பழி போடக் கூடாது.

என்னைக் கேட்டால், மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு ஐ.ஏ.பி. அட்டவணையையே வைத்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்காகப் போட்டது, வேலியும் உள்ளே இருக்கிறது. வேறு மாநிலத்தோடும் நாட்டோடும் ஒப்பிட உலக சுகாதார நிறுவனத்தினுடையது இருக்கட்டும். எதை வைத்தாலும் அட்டையில் அதன் பெயரை எழுதுங்கள். ஒரு வரி போதும்.

அட்டவணையைவிட எனக்கு அதிகம் உறுத்துவது, எண் பிறக்கிற இடம். அதைப் பற்றி நான் பேசினால் என் குட்டும் வெளியே வரும். வரட்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உயரம் அளக்க ஒரு சுவர் இருந்தது. நீலப் பெயின்டில் கோடு, பக்கத்தில் எண். நான் சேர்வதற்கு முன்னாலேயே யாரோ வரைந்தது. பத்து வருஷம் அதில்தான் பிள்ளைகளை நிறுத்தினேன். ஒரு நாள் நீளம் தாண்டும் குழிக்கு வாங்கிய புது இரும்பு டேப்பை அந்தச் சுவரில் வைத்துப் பார்த்தேன். 120 என்று எழுதியிருந்த கோடு 122-இல் நின்றது. தரையில் சிமென்ட் உடைந்து அரையடி அகலத்துக்குப் பெயர்ந்திருந்ததும் உண்டு. அந்தப் பத்து வருஷத்துப் பிள்ளைகள் எல்லாரும் என் பதிவேட்டில் இரண்டு சென்டிமீட்டர் குட்டையானவர்கள். இரண்டு சென்டிமீட்டர் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 136 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும் உள்ள பிள்ளையை இரண்டு கூட்டி 138 என்று எழுதினால் பி.எம்.ஐ. 18.9. அதே பிள்ளையை இரண்டு குறைத்து 134 என்று எழுதினால் 20. உயரத்தால் இரண்டு தடவை வகுக்கிறோமே, பிழையும் இரண்டு தடவை ஏறும்.

அதைவிடப் பெரிய குட்டு, கடைசி பீரியடில் பாதி வகுப்புக்குக் கண்பார்வையிலேயே எழுதினேன் என்பது. "ஏலே, போன வருஷம் எவ்வளவு?" "27 சார்." "சரி, 29 போட்டுக்கோ." பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸ் வந்த பிறகு இது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எடை மிஷினும் லேசுப்பட்டதில்லை. குளியலறை மிஷினை வராண்டாவின் சாய்ந்த தரையில் வைத்தால் ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். ஷூ, பெல்ட், ஐ.டி. கார்டு, பையில் கிடக்கிற கோலிக்குண்டு எல்லாம் சேர்த்து நிறுத்துகிறோம். சத்துணவு சாப்பிட்டு வந்த பிள்ளையையும், காலையில் வெறும் வயிற்றோடு நிற்பவனையும் ஒரே வரிசையில் ஏற்றுகிறோம். பெண் பிள்ளைகளின் ரெட்டைச் சடையை உச்சியில் மடித்துக் கட்டியிருப்பார்கள், அதன் மேலேயே அட்டையை வைத்து உயரம் எழுதுவோம். சரியான முறை கஷ்டமே இல்லை. செருப்பு, ஷூ இல்லாமல் குதிகால், பிட்டம், தோள்பட்டை சுவரில் படுகிற மாதிரி நிற்க வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துவாரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மேல் வைப்பது அட்டை இல்லை, சுவரோடு செங்கோணமாக நிற்கிற மரச்சட்டம். இரண்டு தடவை அளந்து, வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் மூன்றாவது தடவை. காலையில் அளப்பது நல்லது. சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு அமுங்கிக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும்.

அப்புறம் வயது. குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்களுக்கு இது தெரியும். 14 வயதுப் பிரிவில் மீசையோடு ஒருவன் வந்து நிற்பான், சான்றிதழ் சுத்தமாக இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியைத் தள்ளிப் போடுவது, இழுத்துப் போடுவது எல்லாம் இப்போது குறைந்துவிட்டது, ஆனால் ஒழிந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒன்பது வயதுப் பையனுக்கு 17.9, பத்து வயதுக்கு 18.5. பி.எம்.ஐ. 18.2 உள்ள பிள்ளை எந்தப் பக்கம் விழுவான் என்பது அந்தத் தேதியில்தான் இருக்கிறது. வயதை முழு வருஷமாக எழுதாமல் மாதத்தோடு எழுதுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பி.எம்.ஐ.க்கு ஒரு கண் குருடு. எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. குண்டு எறிகிற பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். தொடை இரண்டும் உலக்கை மாதிரி. எந்த அட்டவணையில் பார்த்தாலும் பருமன்தான். வயிற்றில் மடிப்பு ஒன்று கிடையாது. இந்த மாதிரிப் பிள்ளைகள் சிலர்தான். எதிர்ப்பக்கத்தில்தான் நம் ஊர் நிறைய நிற்கிறது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பி.எம்.ஐ.யில் நார்மல்.

புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஸ்கேனில் பார்த்தால் யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் உடம்பின் கதை இது. யாஜ்னிக் குழுவினர் புனே பக்கத்துக் கிராமங்களில் அப்போதுதான் பிறந்த குழந்தைகளிடமே இந்தப் போக்கைக் கண்டார்கள்.

அந்த ஸ்கேன், டெக்ஸா, எலும்பு அடர்த்தி பார்க்கிற மிஷின். கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டுவதில் கெட்டி. ஆனால் வராண்டாவுக்குக் கொண்டுவர முடியாது. கையில் தோலைக் கிள்ளி மடிப்பின் தடிமனை அளக்கிற இடுக்கி ஒன்று உண்டு. மேல்கையின் பின்புறமும் தோள்பட்டைக்குக் கீழேயும் வைப்பார்கள். பழகிய கை வேண்டும். ஒரே பிள்ளையை இரண்டு பேர் கிள்ளினால் இரண்டு எண் வரும். தவிர, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையின் முதுகில் ஆண் ஆசிரியர் இடுக்கி வைக்கிற காட்சியை யோசித்துப் பாருங்கள். வேண்டாம். ஜிம்மில் ஏறி நின்றால் 'உங்கள் கொழுப்பு இத்தனை சதவீதம்' என்று சொல்கிற மிஷினைச் சில பள்ளிகள் வாங்கியிருப்பதாகக் கேள்வி. அது பாதத்தின் வழியாக மெல்லிய மின்சாரத்தை விட்டுப் பார்க்கிறது. தண்ணீர் உள்ள சதையில் மின்சாரம் லேசாகப் போகும், கொழுப்பில் திணறும். ஆக, பிள்ளை தண்ணீர் குடித்தானா இல்லையா என்பதே எண்ணை மாற்றும். சித்திரை வெயிலில் கபடி ஆடிவிட்டு வந்தவனை அதில் ஏற்றினால் அது சொல்கிற கொழுப்பை நான் நம்ப மாட்டேன்.

பள்ளிக்கு ஏற்றது டேப்தான். வயிற்றுச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு நிற்கும்போது அளக்க வேண்டும். டவுசரின் பெல்ட் இருக்கிற இடம் இல்லை. டெய்லர் கடைத் துணி டேப் இழுத்து இழுத்து நீண்டிருக்கும், நீளாத டேப் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2022 முதல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இதைப் பார்க்கச் சொல்கிறது. வயது வாரியாக அட்டவணை தேட வேண்டாம், ஆண் பெண் என்று தனித்தனி எல்லையும் வேண்டாம்.

எங்கள் ஆச்சிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும். பேரன்களுக்கு அருணாக்கயிறு கட்டுவது அவள் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு விரலைக் கயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பாள். விரல் போகாவிட்டால் முடிச்சை அவிழ்த்துத் தளர்த்துவாள். இரண்டு மாதத்துக்குள் மறுபடி தளர்த்த வேண்டி வந்தால், "இவனுக்குப் பண்டம் குடுக்கிறத நிப்பாட்டு" என்று அம்மாவுக்கு உத்தரவு போகும்.

அன்று பாயசத்துக்குப் பிறகு பேரனுக்கு அதைத்தான் செய்தேன். பூக்கட்டுகிற நூலை அவன் உச்சியிலிருந்து குதிகால் வரை பிடித்து அறுத்தேன். இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றினேன். இரண்டு சென்டிமீட்டர் எட்டவில்லை. உயரம் 136, பாதி 68, வயிறு 70. அவன் சிரித்தான். அவனுக்கு அது விளையாட்டு. மகள் சிரிக்கவில்லை. அட்டை சொல்லாததை நூல் சொன்னது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. நெய்யும் டப்பா மாவும் நின்றன, கிரிக்கெட் திரும்ப வந்தது. பட்டினி போடவில்லை, எடை குறைக்கச் சொல்லவும் இல்லை. உயரம் ஏறட்டும், எடை அங்கேயே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

டேப்பை மட்டும் நம்பி மிஷினைப் பரணில் போட்டுவிடாதீர்கள். 2016-18இல் நாடு முழுவதும் எடுத்த தேசியக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்காரர்களில் எடை கூடியவர்கள் 5 சதவீதம் என்றால், ஒல்லியானவர்கள் 24 சதவீதம். காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது அது பழைய திருநெல்வேலி மாவட்டம். அன்றைய பசி முழுசாகப் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளையையும், பாளையங்கோட்டையில் வேனில் வந்து இறங்குகிற பிள்ளையையும் ஒரே அட்டை பிடிக்க வேண்டும். ஒல்லியைப் பிடிக்க பி.எம்.ஐ. வேண்டும், பானை வயிற்றைப் பிடிக்க டேப் வேண்டும். இரண்டு எண்ணும் எழுத அட்டையில் இடம் இருக்கிறது.

போன வருஷத்து எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பேரனின் இரண்டு அட்டையையும் சேர்த்து வைத்து யாராவது பார்த்திருந்தால், 16-இலிருந்து 19.5-க்குப் பதினாலு மாதத்தில் தாவியது கண்ணை உறுத்தியிருக்கும். எந்த அட்டவணையும் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம், தயவுசெய்து எடையைக் கத்திச் சொல்லாதீர்கள். ஒரு டீச்சர் மிஷின் பக்கத்தில் நின்று சொல்ல, இன்னொரு டீச்சர் பத்தடி தள்ளி உட்கார்ந்து எழுதுகிற ஏற்பாடு இன்றும் நடக்கிறது. "ஐம்பத்தி நாலு!" என்று கேட்டதும் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடும். ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி அப்படி ஒரு நாளுக்குப் பிறகு சத்துணவு முட்டையைத் தோழியின் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனதை நான் பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். அன்று கத்திச் சொன்ன ஆள் நான்தான். ஸ்டாஃப் ரூமிலோ திரைக்குப் பின்னாலோ, பெண் பிள்ளைகளைப் பெண் ஆசிரியர் அளந்து, எண்ணைக் காகிதத்தில் மட்டும் எழுதினால் போதும். வீட்டுக்கு அனுப்புகிற அட்டையில் 'ஒபீஸ்' என்ற சொல் வேண்டாம். 'டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள்' என்று எழுதினால் அம்மா அப்பாவுக்குப் புரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அளக்கத் தொடங்குவீர்கள். எனக்குக் கொஞ்சம் தச்சு வேலை தெரியும். தலைக்கு மேல் வைக்கிற செங்கோணச் சட்டம் ஏழெட்டு செய்து வைத்திருக்கிறேன், வேப்பமரம், இழைத்து மெழுகு போட்டது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளிகள் கேட்டால் காசு வாங்காமல் கொண்டுவந்து தருவேன். வரும்போது இரும்பு டேப்பும் கொண்டுவருகிறேன். முதலில் உங்கள் சுவரை அளந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பி.இ.டி. சார் ஒருவர்
அம்பாசமுத்திரம்